காற்று வேகத்துக்குத் தலையாட்டும் ரோபோ: ஓஎஸ்எரர் 23, இடையிடையே ரீஸ்டார்ட்

கேள்வி:
இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சிறு கணினிப் பலகை), மைக்ரோபைத்தான் (அதில் ஓடும் பைத்தான் மொழி), தலைக்கு எஸ்ஜி90 சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்), இரண்டு சக்கர மோட்டார். ஓப்பன்-மீட்டியோ என்ற இணைய வானிலைச் சேவையிலிருந்து 30 விநாடிக்கு ஒருமுறை காற்றின் வேகத்தை எடுக்கிறேன். மணிக்கு 20 கிமீ தாண்டினால் ரோபோ பின்வாங்கித் தலையாட்ட வேண்டும். சில நிமிடங்களிலேயே ஓஎஸ்எரர் 23 என்ற பிழை வந்து புரோகிராம் நின்றுவிடுகிறது. சர்வோ அசையும்போது சில சமயம் போர்டு ரீஸ்டார்ட் ஆகிறது. போதாக்குறைக்கு, டேட்டா வரும்வரை சக்கரம் ஓடிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டுகிறது.

பதில் 1:
23 என்றால் புதிய சாக்கெட் (நெட் இணைப்பு) திறக்க இடமில்லை. பழையவற்றை நீங்கள் மூடவில்லை. ரெஸ்பான்ஸை (சர்வர் அனுப்பும் பதிலை) குளோஸ் செய்யும் வரியை, பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதிக்குள் வையுங்கள். ஜேசன் (டேட்டா வரும் எழுத்து வடிவம்) பாதியில் அறுந்து வந்தால் எக்ஸெப்ஷன் (பிழை) கிளம்பி, வெளியே எழுதிய குளோஸ் ஓடாமலே போகும். 30 விநாடிக்கு ஒருமுறை எடுப்பதும் வீண். ஓப்பன்-மீட்டியோவில் தற்போதைய மதிப்பு 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் மாறும்.

பதில் 2:
ரீஸ்டார்ட் பவர் பிரச்சினை. சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் செய்திகளைக் காட்டும் கணினித் திரை) ‘பிரவுன்அவுட்’ (வோல்டேஜ் குறைந்துவிட்டது) என்ற வரி வருகிறதா பாருங்கள். வைஃபை அனுப்பும் கணமும் சர்வோ கிளம்பும் கணமும் ஒன்றாகச் சேர்ந்தால் வோல்டேஜ் சரியும். மல்டிமீட்டரில் அது தெரியாது, அவ்வளவு குறுகியது. சர்வோவுக்கு நான்கு ரீசார்ஜபிள் ஏஏ செல் (4.8 வோல்ட்) தனியாகக் கொடுத்து, கிரவுண்டை மட்டும் போர்டோடு சேருங்கள். சர்வோ அருகே 470 மைக்ரோஃபாரட் கபாசிட்டர், பிளஸ் மைனஸ் பார்த்து. பிரவுன்அவுட் கண்காணிப்பை புரோகிராமில் அணைத்துவிடச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

பதில் 3:
கெட் (டேட்டாவைக் கேட்டு வாங்கும் வரி) முடியும்வரை மற்ற வரிகள் காத்திருக்கும். ஆனால் பிடபிள்யூஎம் (மோட்டாரை ஓட்டும் துடிப்பு சிக்னல்) ஹார்டுவேரில் ஓடுவதால் சக்கரம் நிற்காது. கெட்டுக்கு முன் மோட்டார் டியூட்டியை (துடிப்பு ஆனில் இருக்கும் பங்கு) 0 ஆக்கி, டைம்அவுட் (காத்திருக்கும் உச்ச நேரம்) 5 விநாடி வையுங்கள். டேட்டா வராவிட்டால் பழைய மதிப்பே இருக்கட்டும்; அது அரை மணி நேரத்துக்கு மேல் பழசானால் ரோபோ தலையைத் தொங்கப்போட்டுக் காட்டட்டும்.

இன்னொன்று: 20 என்ற ஒரே எல்லை போதாது. வேகம் 19, 21 என்று ஊசலாடினால் தலையும் சேர்ந்து ஊசலாடும். 20 தாண்டினால் ஆன், 17க்குக் கீழே இறங்கினால்தான் ஆஃப். நெட்டைத் துண்டித்துவிட்டு 12, 19, 21, 18, 16 என்று நீங்களே மதிப்புகளைக் கொடுத்துப் பாருங்கள். 18லும் ஆனிலேயே இருந்து 16ல் அணைந்தால் லாஜிக் சரி.

கேட்டவர்:
சாக்கெட் சரியாகிவிட்டது, நன்றி. சர்வோவுக்கு டியூட்டி எவ்வளவு?

பதில் 2:
50 ஹெர்ட்ஸ். 16 பிட் டியூட்டியில் (0 முதல் 65535 வரை) நடுநிலை (1.5 மில்லிசெகண்ட்) 4915, 1 மில்லிசெகண்டுக்கு 3277, 2க்கு 6554. முதலில் இந்த வரம்புக்குள்ளேயே ஆட்டுங்கள். அதைத் தாண்டி ‘ர்ர்’ரென்று உறுமினால் கியர் முனையில் முட்டுகிறது, உடனே குறையுங்கள்.