ஒரு ழகரத்துக்கு ஆறு வாரம்

கணவர் ஷார்ஜாவில் வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் கழித்துத்தான் எங்களைக் கூட்டிக்கொள்ள முடிந்தது. குடும்பத்துக்கு ஸ்பான்சர் செய்ய 4,000 திர்ஹம் சம்பளம் வேண்டும். கம்பெனி வீடு கொடுத்தால் 3,000 போதும். சம்பளம் கூடிய அன்றே போன் வந்தது: "பிள்ளைங்களுக்கு பாஸ்போர்ட் எடுத்துடு." ஒரு மாத வேலை என்றுதான் நினைத்தேன்.

மூத்தவளுக்கு ஐந்து வயது. அவள் பெயரில் ஒரு ழகரம் வரும். சேலம் தலைமை அஞ்சலகத்தில் இருக்கிற பாஸ்போர்ட் சேவை மையத்தில், கவுண்டரில் இருந்த அம்மா பிறப்புச் சான்றிதழையும் விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். ழகரத்தில் விரல் நின்றுவிட்டது. பள்ளியிலும் ஆதாரிலும் நாங்கள் 'இசட் எச்' போட்டிருந்தோம். அவள் பிறந்த ஆஸ்பத்திரியில் எழுதி அனுப்பியவர் ஒற்றை 'எல்' போட்டிருந்தார். ஐந்து வருடமாக அந்தச் சான்றிதழ் பீரோவில் இருந்தும் யாரும் எடுத்துப் படிக்கவில்லை. "எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டு வாங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் செய்தது நியாயம்தான். அன்றைக்கு விட்டிருந்தால் ஷார்ஜாவில் மாட்டியிருப்போம்.

மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்கு எத்தனை நடை நடந்தேன் என்று இப்போது எண்ணிப் பார்க்க மனமில்லை. திருத்திய சான்றிதழ் கைக்கு வர ஆறு வாரம் ஆனது.

சின்னவன் கதை வேறு. அவன் சான்றிதழில் பெயர்க் கட்டமே காலி. பிறந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்திருக்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 வயது வரை சேர்க்கலாம். தயவுசெய்து இன்றைக்கே உங்கள் வீட்டுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்.

நான்கு வயதுக்குக் கீழே இருந்தால் போட்டோவை நாமே கொண்டுபோக வேண்டும். முதல் அக்ரஹாரத்தில் ஒரு ஸ்டூடியோவில் வெள்ளைத் துணியை விரித்து அவனைப் படுக்க வைத்தோம். போட்டோக்காரர் ஸ்டூல் மேல் ஏறி நின்று, சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே மேலிருந்து எடுத்தார். இரண்டு கண்ணும் திறந்து, வாய் மூடியிருந்த படம் பதினேழாவது.

அப்புறம் இனிஷியல். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாமென்று இருந்தேன். 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று அமீரகம் அறிவித்ததைக் கணவர்தான் நினைவுபடுத்தினார். அப்பா பெயரை முழுதாக எழுதிவிட்டேன். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுக்காகப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டிய 'இணைப்பு டி' என்ற உறுதிமொழிப் படிவத்தை அவர் லீவில் வந்தபோதே முடித்து வைத்தது பெரிய நிம்மதி.

அதன் பிறகுதான் அட்டெஸ்டேஷன், அதாவது பிறப்புச் சான்றிதழ் உண்மையானதுதான் என்று முத்திரை வாங்குவது. மாநில அரசு, வெளியுறவுத் துறை, அமீரகத் தூதரகம் என்று முத்திரை வரிசையாக விழ வேண்டும். பிறகு அங்கே போய் இன்னொரு முத்திரை. பெயரைத் திருத்தாமல் இதில் இறங்கினால் கட்டிய பணம் அத்தனையும் வீண். பதினெட்டு வயதுக்குக் கீழ் மெடிக்கல் டெஸ்ட் இல்லை என்பதால் பிள்ளைகளுக்கு அங்கே அலைச்சல் குறைவு.

* * *

இது இன்னொரு குடும்பத்தின் கதை; சொல்கிற நான் பிள்ளையின் அப்பா. நாங்கள் ஏற்காடு. எங்கள் இரண்டாவது பையன் ஷார்ஜாவிலேயே பிறந்தான். அங்கே பிறந்த குழந்தைக்கு 120 நாளுக்குள் விசா எடுத்தாக வேண்டும், தவறினால் நாளுக்கு 100 திர்ஹம் அபராதம். விசாவுக்கு முன்னால் இந்தியத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட், பாஸ்போர்ட்டுக்கு முன்னால் பெயர். ஊரில் மாமனார் ஜாதகம் பார்த்து எழுத்து சொல்கிறேன் என்றார். பெரியவர் மனம் நோகக் கூடாதென்று காத்திருந்ததில் முப்பத்தெட்டு நாள் போய்விட்டது. மனைவி ராத்திரி முழுக்க நாட்காட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். 111ஆம் நாள் விசா கிடைத்தது. அந்த மே மாதமே ஊருக்கு வந்து சேர்வராயன் கோயிலில் மொட்டை போட்டோம்.