பேட்டர்ன் ஈ.ஆர்.ஜி. எடுப்பது க்ளாக்கோமா சந்தேகத்துக்குத் தேவையா?

வடகரை: க்ளாக்கோமா (பார்வை நரம்பு மெல்ல அழியும் நோய்) சந்தேகத்தில் ஒருவர் வருகிறார். கண் அழுத்தம் கொஞ்சம் கூடுதல், ஓசிடி (விழித்திரை அடுக்குகளின் தடிமனை அளக்கும் ஸ்கேன்), ஃபீல்டு டெஸ்ட் (பார்வைப் பரப்புச் சோதனை) இரண்டும் நார்மல். இப்படிப்பட்டவரைப் பேட்டர்ன் ஈ.ஆர்.ஜி.க்கு (கட்டங்களைக் காட்டி விழித்திரையின் மின் அலையைப் பதிவு செய்யும் சோதனை) அனுப்புவது வீண் செலவு என்பது என் கட்சி. விழித்திரையிலிருந்து கிடைப்பதே சில மைக்ரோவோல்ட்தான். கண் சிமிட்டினால் அதைவிடப் பல மடங்கு அலை எழும்.

மீனாட்சி_ஆப்டோ: அதற்காகத்தான் நூறு தடவைக்குக் குறையாமல் பதிவு செய்து சராசரி போடுகிறோம், சார். திரையில் சதுரங்கக் கட்டம். நொடிக்கு நாலு முறை கறுப்பு வெள்ளையாகும், வெள்ளை கறுப்பாகும். மொத்த வெளிச்சம் மாறாது. வெளிச்சம் கூடுவதற்கும் குறைவதற்கும் எழுகிற பதில்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவதில் பெரும்பங்கு காங்லியான் செல்லுடையது. விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் செல் அது, அதன் நார்கள் சேர்ந்ததுதான் பார்வை நரம்பு. 1981இல் மஃபே, ஃபியோரென்டினி என்ற ஆய்வாளர்கள் பூனையின் பார்வை நரம்பை வெட்டிப் பார்த்தார்கள். காங்லியான் செல்கள் அழிய அழிய இந்த அலை மறைந்தது. ஃபிளாஷ் அடித்து எடுத்த ஈ.ஆர்.ஜி. அப்படியே இருந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்?

வடகரை: பூனை சாட்சி சரி. ஆனால் இந்த அலையில், கட்டம் மாறி 50 மில்லி விநாடியில் மேலே ஏறும் பி50 முகட்டில் ஒரு பங்கு காங்லியானுக்கு முந்தைய செல்களிலிருந்து வருகிறது. மாகுலா (விழித்திரையின் மையப் பகுதி) கெட்டாலும் அது குறையும். அப்புறம் எப்படி நரம்பைக் குற்றம் சொல்வீர்கள்?

மீனாட்சி_ஆப்டோ: 95 மில்லி விநாடியில் கீழே இறங்கும் என்95 பள்ளத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான். பி50 தேவலாம், என்95 மட்டும் படுத்துவிட்டது என்றால் கோளாறு காங்லியான் பக்கம்.

கதிர்_லேப்: நடுவில் வருகிறேன். கீழ் இமை ஓரமாக வெள்ளி ஏற்றிய நைலான் நூலை வைப்போம், அதுதான் எலெக்ட்ரோடு. கண்மணி விரிய சொட்டு மருந்து விட்டிருக்கக் கூடாது, கண்ணாடி பவரும் சரியாக இருக்கணும். கட்டம் மங்கலாகத் தெரிந்தாலே அலை சிறுத்துவிடும். கண்புரைக்காரருக்கும் இதே கதிதான்.

வடகரை: கேட்டீர்களா? க்ளாக்கோமா சந்தேகம் வருகிற வயதில்தான் கண்புரையும் வருகிறது.

மீனாட்சி_ஆப்டோ: அப்படிப்பட்டவருக்கு எடுக்க வேண்டாம், யார் எடுக்கச் சொன்னார்கள்? ஓசிடி நரம்பு நார் எவ்வளவு மெலிந்தது என்று காட்டும். மிச்சமிருக்கும் செல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சொல்லாது. அழுத்தத்தைக் குறைத்ததும் சிலருக்குப் பேட்டர்ன் ஈ.ஆர்.ஜி. அலை தேறி வருகிறது. அழிந்த நார் திரும்ப வருமா?

வடகரை: "சிலருக்கு" என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. யாருக்கு என்று முன்கூட்டியே சொல்லுங்கள், நானே அனுப்புகிறேன். அதுவரை ஓசிடியும் ஃபீல்டும் போதும்.