பிட்ஸ்பர்க் பனியில் மகள் வேலைக்குப் போய்வருவது எப்படி?

திருமங்கலத்துத் தந்தை:
அனைவருக்கும் வணக்கம். என் மகள் வேலை கிடைத்து அண்மையில்தான் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தாள். இன்று காலை அவள் ஏறிய பேருந்து மேடேற முடியாமல் பாதி வழியில் நின்றுவிட்டதாகவும், இறங்கி நடந்தபோது வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டதாகவும் தொலைபேசியில் அழுதாள். நாளையும் பனி கொட்டும் என்று அறிவித்திருக்கிறார்களாம். புதிய வேலை என்பதால் விடுப்பு கேட்கவும் பயப்படுகிறாள். எங்களுக்கு இங்கே தூக்கமில்லை. அங்கே இருப்பவர்கள் வழி சொல்லுங்கள்.

மேலூரான்:
ஐயா, கார் இல்லாமல் இந்த ஊரில் குளிர்காலத்தைத் தள்ள முடியாது. முதலில் அதை வாங்கச் சொல்லுங்கள். நான் வந்த புதிதில், எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் என்று கடைக்காரர் என் தலையில் கட்டிய டயரோடு மேட்டிலிருந்து இறங்கியபோது, பிரேக்கை மிதிக்க மிதிக்க வண்டி தன்போக்கில் சறுக்கிப்போய்க் குப்பைத் தொட்டியில் முட்டித்தான் நின்றது. 7 டிகிரிக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிவிடும் என்பதால், மலையும் பனித்துகளும் பொறித்த குறியுள்ள டயரையே வாங்க வேண்டும். இறக்கத்தில் கியரைக் குறைத்து மெதுவாக இறங்கினால் பயமில்லை.

வாடிப்பட்டி மருமகள்:
அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியே மேடேறத்தான் உதவும், இறக்கத்தில் நிறுத்த உதவாது. இந்த ஊரின் கேன்டன் அவென்யூ 37 சதவீதச் சரிவு கொண்டது. போதாததற்கு, தெருவோரம் நிறுத்திய காரை விடியுமுன் தோண்டியெடுத்து, கூரையில் உள்ள பனியையும் தள்ள வேண்டும். பனி நின்று 24 மணி நேரத்துக்குள் தள்ளாவிட்டால் இந்த ஊர் இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் 2022 முதல் அபராதம் உண்டு. கைக்குழந்தையை உள்ளே அழவிட்டுவிட்டு நான் பனி வாரிய அந்த முதல் ஜனவரியைப் பற்றி என் மாமியாரிடம்கூட இன்னும் முழுதாகச் சொன்னதில்லை. பேருந்துதான் நல்லது.

செல்லூர்க்காரன்:
அந்த நல்ல பேருந்துதான் இன்று பாதியில் நின்றிருக்கிறது, தங்கச்சி. 2022 ஜனவரி 28 அன்று ஃபெர்ன் ஹாலோ பாலம் இடிந்து விழுந்தபோதும் அதன்மேல் ஒரு பேருந்து இருந்தது. யாரும் சாகாதது தெய்வாதீனம். என் பழைய மேலாளர் எட்டு மணிக்கு எல்லோரும் இருக்கையில் இருக்க வேண்டும் என்பார், தான் மட்டும் வீட்டிலிருந்தே கூட்டத்தில் பேசுவார். இதெல்லாம் வேண்டாம் என்றுதான் மதுரை அண்ணாநகருக்கே திரும்பிவிட்டேன். இங்கே மார்கழியில் தலையில் ஒரு துண்டைச் சுற்றினால் முடிந்தது.

மேலூரான்:
கோரிப்பாளையத்து வெயிலில் நிற்பதைவிட இந்தப் பனி எவ்வளவோ மேல். இங்கே யாரும் காதருகில் ஹாரன் அடிப்பதில்லை.

ஆரப்பாளையம் அக்கா:
அந்தப் பிள்ளை வீங்கிய கையோடு உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் இருவரும் ஊர்ப் பெருமை பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஐயா, கட்டைவிரலுக்கு அடியில் அழுத்தும்போது வலித்தால் எலும்பில் விரிசல் இருக்கலாம். இன்றே எக்ஸ்ரே எடுக்கட்டும். பெரிய மருத்துவமனையின் எமர்ஜென்சிக்குப் போனால் பில் எகிறும் என்பதால், காப்பீட்டு அட்டையோடு, உயிருக்கு ஆபத்தில்லாத அவசரத்தைப் பார்க்கும் ‘அர்ஜென்ட் கேர்’ மையம் ஒன்றுக்குப் போவது நல்லது. அவள் எந்தப் பகுதியில் குடியிருக்கிறாள், வேலை எங்கே, கார் ஓட்டத் தெரியுமா என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

திருமங்கலத்துத் தந்தை:
இப்போதுதான் கேட்டேன், அம்மா. வீடு பீச்வியூ என்ற பகுதியில் இருக்கிறது, வேலை அதே ஊரின் ஓக்லாந்து பகுதியில் ஓர் ஆய்வகத்தில். ஸ்கூட்டி மட்டும்தான் ஓட்டுவாள்.

ஆரப்பாளையம் அக்கா:
அப்படியானால் இந்தக் குளிருக்குக் கார்ப் பேச்சே வேண்டாம். பீச்வியூவின் பிராட்வே அவென்யூ வழியாக, ‘டி’ எனப்படும் இந்த ஊர் நகர ரயிலின் ரெட் லைன் தடம் போகிறது; தண்டவாளத்தில் ஓடுவதால், பேருந்து மேட்டில் திணறும் நாளிலும் அதைப் பெரும்பாலும் நம்பலாம். டவுன்டவுனில் இறங்கி ஓக்லாந்து போகும் பேருந்தில் மாறட்டும். கொஞ்சம் சுற்றுதான், ஆனால் முக்கியச் சாலைகளில்தான் முதலில் பனியை வாருவார்கள். பேருந்துக்கும் ரயிலுக்கும் பணம் கட்டும் கனெக்ட் கார்டு என்ற அட்டையில் 3 மணி நேரத்துக்குள் மாறி ஏறத் தனிக் கட்டணமும் இல்லை.

கைபேசி வரைபடம் காட்டும் குறுக்குவழியில் மட்டும் போக வேண்டாம். இந்த ஊரில் 700க்கும் மேற்பட்ட பொதுப் படிக்கட்டுகள் இருக்கின்றன; தெரு என்று பெயர் பார்த்துப் போனால், படி எது பனி எது என்று தெரியாமல் மூடிக்கிடக்கும் செங்குத்துப் படிக்கட்டில் போய் நிற்போம். காலணியின் அடியில் மாட்டும் ‘ஐஸ் கிளீட்ஸ்’ ஒரு ஜோடி வாங்கட்டும். கட்டடத்துக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் அந்த இரும்புப் பற்கள் தரை ஓட்டில் பனியைவிட மோசமாக வழுக்கும். சேற்று வரப்பில் நடப்பதுபோல் பாதத்தை முழுதாகப் பதித்து, சின்னச் சின்ன அடியாக வைத்து, கையைச் சட்டைப்பைக்குள் விடாமல் நடக்க வேண்டும். வாசற்படிக்கு வாங்கும் உப்பு -9 டிகிரிக்குக் கீழே சரியாக வேலை செய்யாது; அந்த நாளில் மணலைத் தூவலாம்.

நாளைக்கு என்றால், மணிக்கட்டைக் காட்டிவிட்டு, மருத்துவர் தரும் சீட்டின் படத்தையும் சேர்த்து மேலாளருக்கு இன்றிரவே மின்னஞ்சல் அனுப்பிவிடட்டும். தொலைபேசியில் சொல்லி விட்டுவிட வேண்டாம், எழுத்தில் இருக்கட்டும்.