பொருள்: ‘பூட்டபிள்’ தமிழில் என்ன? டாஸ் விரலிக் குறிப்புக்காக

வணக்கம்.

யூஎஸ்பி விரலியிலிருந்து (பென் டிரைவ்) ஃப்ரீடாஸ் என்ற இலவச டாஸ் இயங்குதளத்தை ஓட்டுவதற்கான செய்முறைக் குறிப்பு ஏறத்தாழ முடிந்துவிட்டது. ஒரே ஒரு சொல்லில்தான் முட்டி நிற்கிறது: பூட்டபிள், அதாவது கணினியைத் தொடங்கி இயங்குதளத்தை ஏற்றக்கூடியது. கட்டளை வரி, இயங்குதளம், வட்டுப் பிரிவு, அடைவு எல்லாம் பழகிவிட்டன. இதற்கு மட்டும் தொடக்க, துவக்க, இயக்கத் தொடக்க என்று ஆளுக்கொன்று எழுதுகிறோம்.

என் பரிந்துரை ‘பூட்டு’. ஒலியும் ஒட்டுகிறது, பொருளும் ஒட்டுகிறது. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். எல்லாமே வேலைக்கு ஆயத்தமாக்குவதுதான். பூட்டு விரலி, பூட்டு வரிசை, மறுபூட்டு. என்ன சொல்கிறீர்கள்?

----

> ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம்

அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் கணினியில் அந்த நாற்காலி காலியாக இல்லை. கோப்பைப் பூட்டுகிறோம், திரையைப் பூட்டுகிறோம், கடவுச்சொல் போட்டு விரலியையே பூட்டுகிறோம். ‘பூட்டிய விரலியைச் செருகவும்’ என்று எழுதினால் படிப்பவர் சாவியைத் தேடுவார்.

‘தொடக்க’மும் வேண்டாம். தொடக்கப் பக்கம், தொடக்க மதிப்பு, தொடங்கு பொத்தான் என்று அது ஏற்கெனவே தேய்ந்துபோன சொல்.

----

சொல்லைத் தேடும் முன் செயலைப் பார்த்துவிடலாம். ‘பூட்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நான்கு வேலைகள் ஒளிந்திருக்கின்றன.

பழைய பயாஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் உள்மென்பொருள்), விரலியின் முதல் செக்டரை, அதாவது 512 பைட்டை, நினைவகத்தில் பதினறும (ஹெக்ஸ்) 7சி00 என்ற முகவரியில் கொண்டுவந்து வைக்கும். கடைசி இரண்டு பைட் 55, ஏஏ என்று இருக்க வேண்டும். முதல் 446 பைட்டுக்குள் நிரல். அடுத்து 16 பைட் வீதம் நான்கு பிரிவுப் பதிவுகள். அந்த நான்கில் 80 என்ற குறி எதில் இருக்கிறதோ அந்தப் பிரிவின் முதல் செக்டரை நிரல் எடுத்துவரும். அந்த செக்டர் தன் பங்குக்கு மூல அடைவில் இயங்குதளத்தின் கருவான கெர்னல்.சிஸ்ஸைத் தேடி ஏற்றும். கெர்னல் எஃப்டிகான்ஃபிக்.சிஸ் என்ற அமைப்புக் கோப்பையோ, அது இல்லையென்றால் கான்ஃபிக்.சிஸ்ஸையோ படித்துவிட்டு, கட்டளைகளை வாங்கி நடத்தும் கமாண்ட்.காமை ஓட்டும். அப்புறம்தான் ‘சி:\>’ கண்ணில் படும்.

எந்தக் கண்ணி அறுந்தது என்பதைத் திரையே சொல்லிவிடும். முதல் செக்டரில் 55 ஏஏ மட்டும் இருந்து நிரல் வெறுமையாக இருந்தால், பெரும்பாலும் மூலையில் கோடு மினுக்கிக்கொண்டே நிற்கும். பிரிவின் செக்டரில் 55 ஏஏ இல்லையென்றால், எம்எஸ்-டாஸின் எஃப்டிஸ்க் (வட்டைப் பிரிக்கும் கருவி) எழுதிய நிரல் ‘மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்’ என்னும். கமாண்ட்.காம் இல்லையென்றால் ‘பேட் ஆர் மிஸ்ஸிங் கமாண்ட் இன்டர்ப்ரெட்டர்’.

இவற்றில் ஆளை அதிகம் ஏய்ப்பது வேறொன்று. லினக்ஸில் எம்கேஎஃப்எஸ்.ஃபேட் கொண்டு வடிவமைத்துவிட்டு, கெர்னல்.சிஸ், கமாண்ட்.காம் இரண்டையும் நகலெடுத்துப் போடுவார்கள். ‘திஸ் இஸ் நாட் எ பூட்டபிள் டிஸ்க்’ என்று வரும். கோப்புகள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. அவற்றைத் தேடுவதற்குத்தான் ஆளில்லை. அந்தக் கருவி எழுதும் செக்டரில் இருப்பது இந்தச் செய்தியைக் காட்டும் நிரல் மட்டுமே. ஃப்ரீடாஸ் ஓடும் வேறொரு வட்டிலிருந்து சிஸ் கட்டளையை, விரலிக்குக் கிடைத்த வட்டு எழுத்தோடு (சி:, டி: போல) கொடுத்தால் அந்த செக்டர் மாற்றி எழுதப்படும். முதல் செக்டரை சிஸ் தொடாது. அது எஃப்டிஸ்க்கின் வேலை.

‘பூட் ஆகல’ என்ற ஒரே புகாரில் இவ்வளவும் அடங்கிவிடுகிறது. நாம் ஆக்கும் சொல்லும் அப்படியே மூடி மறைக்க வேண்டுமா? முழு நிகழ்வுக்கு ஒரு சொல், கண்ணிக்கு ஒரு சொல் என்று இரண்டு வேண்டும் என்பது என் கருத்து.

நிகழ்வுக்கு ‘எழுப்பு’. தன்வினையும் பிறவினையும் இயல்பாகவே கிடைக்கின்றன: விரலியிலிருந்து கணினியை எழுப்புகிறோம், கணினி எழுந்தது, எழவில்லை. கண்ணிக்கு ‘ஏற்றி’. ஐபிஎம் பெருங்கணினிக்காரர்கள் பூட் என்று சொல்வதைவிட ஐபிஎல் என்றுதான் சொல்வார்கள். முதல் நிரலை ஏற்றுதல் என்று பொருள். ஃப்ரீடாஸின் எஃப்டிஸ்க்கிலும் முதல் செக்டர் நிரலை எழுத ‘/ஐபிஎல்’ என்ற தெரிவு உண்டு. ஆகவே 446 பைட்டுக்குள் இருப்பது ‘முதலேற்றி’, பிரிவின் செக்டரில் இருப்பது ‘பிரிவேற்றி’. முதலேற்றி இருக்கிறது, பிரிவேற்றி இல்லை என்று சொன்னால் அடுத்து எந்தக் கட்டளை என்பதும் தெரிந்துவிடும்.

----

> நிகழ்வுக்கு ‘எழுப்பு’

உறக்க நிலையிலிருந்து மீள்வதையும் எழுப்புதல் என்பார்களே? குழம்பாதா?

----

அதற்கு ‘விழி’ இருக்கிறது. உறங்கிய கணினி விழிக்கும்; அணைந்த கணினி எழும்.

ஒன்று, ‘எழுப்புக்குறி’, ‘எழுப்புச்செக்டர்’ என்று ஒற்றுப் போட்டுவிடாதீர்கள். இது வினைத்தொகை: எழுப்பிய, எழுப்புகிற, எழுப்பும். சுடுசொல், சுடுகலன் போல வல்லினம் மிகாது. எழுப்புவிரலி, எழுப்புவரிசை, எழுப்புகுறி.

வார்ம் பூட், கோல்டு பூட் இரண்டையும் வெதுவெதுப்பு, குளிர்ச்சி என்று பெயர்க்கவும் வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் அழுத்தினால் 40:72 என்ற முகவரியில் பதினறும 1234 எழுதப்பட்டு, நினைவகச் சோதனை தவிர்க்கப்படும். மின்விசையை அணைத்துப் போட்டால் சோதனை முழுதாக நடக்கும். ‘மீளெழுப்பு’, ‘முழுவெழுப்பு’ போதும்.

----

சொல் எனக்கும் சரி. குறிப்பில் திருத்த வேண்டிய வேறு சில:

1. ‘லைவ் விரலி’ என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். விரலியைப் பிடுங்கினாலும் டாஸ் ஓடும் என்று படிப்பவர் நினைக்கக்கூடும். அமைப்பு முழுதும் நினைவகத்துக்குப் போய்விடுவதில்லை. கமாண்ட்.காம் நினைவகத்தில் தன் ஒரு பகுதியின் இடத்தை ஓடும் நிரலுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, நிரல் முடிந்ததும் அந்தப் பகுதியை வட்டிலிருந்து மீண்டும் எடுப்பதுண்டு. விரலியை நடுவில் பிடுங்கினால் தொங்கிவிடும். பிறகு செருகும் இரண்டாவது விரலியும் தெரியாது. பயாஸ் எழும்போது கண்டதுதான் டாஸுக்குக் கணக்கு.

2. படிமக் கோப்பை அப்படியே விரலியில் எழுதும் லினக்ஸின் டிடி கட்டளையில் இலக்கு எஸ்டிபி என்று முழு விரலியாக இருக்க வேண்டும், எஸ்டிபி1 அல்ல. ஃப்ரீடாஸ் 1.3-இன் லைட்யூஎஸ்பி படிமத்துக்குள்ளேயே முதலேற்றியும் பிரிவுப் பதிவுகளும் இருக்கின்றன. பிரிவுக்குள் எழுதினால் அவை பயாஸ் தேடும் இடத்தில் இருக்காது. எந்த எழுத்து எந்த வட்டு என்பதை வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே போட்டுப் பார்த்த பிறகே எழுதச் சொல்லுங்கள்.

3. எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடுங்கள்: விரலியிலிருந்து எழுப்பினால் பயாஸ் பெரும்பாலும் விரலிக்கே 80 என்ற வட்டு எண்ணைக் கொடுக்கும். விரலி ‘சி:’ ஆகிவிடும், உள்ளே இருக்கும் வன்வட்டு அடுத்த எழுத்துக்குத் தள்ளப்படும். நெகிழ்வட்டாகக் காட்டும் பயாஸில் விரலி ‘ஏ:’. ஃபார்மட் கொடுக்கும் முன், டிர் போட்டு எந்த வட்டு என்று பார்க்காமல் கையை விசைக்குக் கொண்டுபோகக் கூடாது.

4. எம்எஸ்-டாஸ் 6.22-க்கு ஃபேட்32 என்ற கோப்பு முறைமை தெரியாது. 2 ஜிபிக்குள் ஃபேட்16 பிரிவு வேண்டும். ஃப்ரீடாஸுக்கு இந்தத் தொல்லை இல்லை.

5. யூஇஎஃப்ஐ (பயாஸுக்குப் பதிலாக வந்த புதிய உள்மென்பொருள்) மட்டுமே உள்ள கணினியில் என்ன செய்தாலும் எழாது. அங்கே முதலேற்றியை ஓட்டுவார் இல்லை. ஓட்டினாலும் டாஸ் நம்பியிருக்கும் இன்டரப்ட் 13 என்ற பயாஸின் வட்டுச் சேவை இல்லை. அமைப்புத் திரையில் சிஎஸ்எம் அல்லது லெகசி என்ற (பழைய பயாஸ் முறைக்கான) தெரிவு இருந்தால் அதை இயக்கி, ‘செக்யூர் பூட்’ என்ற தெரிவை அணைக்க வேண்டும். அந்தத் தெரிவே இல்லையென்றால் விரலியைக் குறை சொல்லிப் பயனில்லை.

----

நன்றி. பூட்டைக் கழற்றிவிட்டேன். எழுப்புவிரலி, முதலேற்றி, பிரிவேற்றி மூன்றும் குறிப்பில் ஏறிவிட்டன. ஐந்து திருத்தங்களும் அப்படியே.

ஒரு இடம் மிச்சம். ‘ஆக்டிவ்’ பிரிவு என்பதைச் ‘செயலிலுள்ள பிரிவு’ என்று எழுதியிருந்தேன். படிப்பவர் மற்ற பிரிவுகள் செயலற்றவை, தரவு வைக்க முடியாதவை என்று நினைக்கக்கூடும். 80 சொல்வது ‘எழுப்பும்போது இதை எடு’ என்பதை மட்டுமே. அதனால் ‘எழுப்புகுறி இட்ட பிரிவு’ என்று மாற்றியிருக்கிறேன். எஃப்டிஸ்க் திரையில் ‘ஆக்டிவ்’ என்றே வருவதால், அந்த ஒரு படியில் மட்டும் திரையில் உள்ளபடி மேற்கோளில் விட்டிருக்கிறேன்.