ஜெல்லிஃபின் சர்வருக்கு பேக்கப்: ரெய்டு மட்டும் போதுமா?

கேள்வி: வீட்டு சினிமா, வீடியோவை டிவி, போனில் பார்க்க ஜெல்லிஃபின் மென்பொருள் போட்ட சர்வர் வெச்சிருக்கேன். 4 டிபி டிஸ்க் நாலு, ரெய்டு 5 (பல டிஸ்கைச் சேர்த்து, ஒண்ணு செத்தாலும் டேட்டா தப்பிக்கிற அமைப்பு). சினிமா 8 டிபி, குடும்ப போட்டோ, வீடியோ 900 ஜிபி. தனியா பேக்கப் வேணுமா? எல்லாத்தையும் கிளவுடில் ஏத்திடலாமா?

பதில் 1: ரெய்டு பேக்கப் இல்லீங்க. ஒரு டிஸ்க் செத்தாலும் சர்வர் ஓடும், அவ்வளவுதான். தவறி அழிச்ச ஃபோல்டர் மொத்த ரெய்டிலிருந்தும் அதே நொடியில் போயிடும். மொத்தத்தையும் 100 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏத்த எட்டு நாளுக்கு மேல் ஆகும். போட்டோ, வீடியோ 900 ஜிபிக்கு மட்டும்னா 20 மணி நேரம். டிவிடி கையில் இருந்தா சினிமாவை விடுங்க, திரும்ப ரிப் பண்ணிக்கலாம் (கோப்பா மாத்திக்கலாம்). போட்டோவுக்கு 2 டிபி யூஎஸ்பி டிஸ்கில் ஒரு காப்பி, ரெஸ்டிக் (பூட்டிய பேக்கப் எடுக்கும் மென்பொருள்) வழியா கிளவுடில் ஒண்ணு. ரெஸ்டிக் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி வைங்க, தொலைஞ்சா டேட்டாவும் போச்சு.

பதில் 2: யூஎஸ்பிக்கு ஆர்சிங்க் (கோப்புகளைக் காப்பி பண்ணும் கருவி) போட்டா டெலீட் ஆப்ஷன் வேண்டாம், அது இருந்தா சர்வரில் அழிச்சது யூஎஸ்பியிலும் அழியும். யூஎஸ்பி டிஸ்க் மவுண்ட் ஆகலைன்னா (சிஸ்டத்தோட இணையலைன்னா) காப்பி முழுக்க ரூட் பார்ட்டிஷனில் (சிஸ்டம் இருக்கிற டிஸ்க் பகுதியில்) கொட்டி அதை நிரப்பிடும். அதனால பேக்கப் ஓட்டுற ஸ்கிரிப்டோட முதல் வரியே மவுண்ட் சோதனையா இருக்கட்டும்.

பதில் 3: ஜெல்லிஃபின் கான்ஃபிக் (அமைப்புகள்) ஃபோல்டரையும், டேட்டா ஃபோல்டரையும் பேக்கப்பில் சேர்த்துக்கோங்க. 'எதுவரை பார்த்தோம்' கணக்கெல்லாம் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் (கோப்பா இருக்கும் தகவல் பட்டியல்) இருக்கு. ஜெல்லிஃபின் சர்வீஸை நிறுத்திட்டு காப்பி எடுங்க. ஓடும்போது எடுத்தா கோப்பு பாதியில் சிதைஞ்சிருக்கலாம், ரீஸ்டோர் பண்ணும்போதுதான் தெரியும்.