பெரிய கார்டு மடிச்சா மட்டும் மடிப்புல வெடிக்குது, சின்னது நல்லா வருது, ஏன்?

காகிதக்கிறுக்கி:

வணக்கம் எல்லாருக்கும், ஒரு சந்தேகம், கொஞ்சம் அவசரமும் கூட. எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா வேலையை விட்டுப் போறாங்க, சனிக்கிழமை அவங்க கையில கார்டு கொடுக்கணும், 15 பேர் உள்ள கையெழுத்துப் போடணும்ங்கறதால எப்பவும் செய்ற சின்ன சைஸ் பத்தாது. சரின்னு ஏ4 அட்டையை முழுசா எடுத்து நடுவுல மடிச்சேன், மடிச்ச உடனே மடிப்பு நெடுக பொருக்குத் தட்டின மாதிரி வெடிச்சு உள்ள இருக்கற வெள்ளை பல்லைக் காட்டுது. அட்டை 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை), ரெண்டு பக்கமும் கருநீலம், நடுச்சதை மட்டும் வெள்ளை. 10 ஷீட் இருந்த பாக்கெட், இப்போ மூணு பாழாப் போச்சு, மிச்சம் மூணுதான் இருக்கு.

எனக்குப் புரியாதது என்னன்னா, இதே பாக்கெட்லதான் போன மாசம் ஏ4-ஐ ரெண்டா வெட்டி ஒவ்வொரு துண்டையும் மடிச்சு எட்டு சின்ன கார்டு செஞ்சேன், ஒண்ணு கூட வெடிக்கல. அதே அட்டை, அதே டூல், அதே கை.

டூல்னு நான் காசு போட்டு வாங்குனது ஒரு கட்டர், ஒரு ஸ்டீல் ஸ்கேல் அவ்ளோதான். கோடு அழுத்த இங்க் தீர்ந்த பால் பேனா, மடிப்பைத் தேய்க்க ஸ்பூனோட முதுகு, வெட்டும்போது அடியில பழைய காலண்டர் அட்டை. இதனாலயா இருக்குமோன்னு ஒரு பயம்.

இன்னொண்ணும் இருக்கு, வெடிச்ச ஒரு கார்டுல சும்மா ட்ரையலுக்கு முன்பக்கம் ஒரு டிசைன் பேப்பரை வெள்ளை கோந்து தடவி ஒட்டிப் பாத்தேன், காலைல பாத்தா ஓடம் மாதிரி வளைஞ்சு கெடக்கு. ரெண்டுக்கும் வழி சொல்லுங்க ப்ளீஸ்.

பசைடப்பா:

பேனா பத்தாதுங்க. சின்ன கார்டுக்கு ஓடிருக்கும், பெருசுக்கு நீளமான கோடு, நடுவுல கை அழுத்தம் குறைஞ்சிருக்கும். ஒழுங்கா ஒரு ஸ்கோரிங் போர்டு, அதான் மடிப்புக் கோடு அழுத்தற பள்ளம் வெச்ச பலகை, வாங்கிடுங்க, எவ்வளவு நாள்தான் ஸ்பூனை வெச்சு ஓட்டுவீங்க.

ஓரவெட்டு:

வாங்கவெல்லாம் வேணாம். கட்டரால மேல்பக்கம் லேசா, பாதி ஆழத்துக்கு ஒரு கீறல் போட்டு மடிங்க, சும்மா கத்தி மாதிரி நேரா மடியும். நான் மாடல் வீடு செய்யறப்ப எல்லாம் இப்படித்தான்.

காகிதக்கிறுக்கி:

ஓரவெட்டு, பயமா இருக்கே, 15 பேர் திறந்து திறந்து எழுதுவாங்க, கிழிஞ்சிடாதா?

மையொத்தி:

கிழியும். மாடல் வீடு ஒரு தடவை மடிச்சா அப்படியே நிக்கப்போகுது, கார்டு அப்படி இல்ல. அதுவுமில்லாம வெள்ளை உள்சதை உள்ள அட்டைல மேல கீறுனா வெள்ளைக் கோடு நீங்களே போட்ட மாதிரிதான், வெடிக்காமலே வெடிச்சது மாதிரி இருக்கும்.

நீங்க எந்தப் பக்கம் மடிக்கறீங்கன்னு பாருங்க முதல்ல. பேனாவால அழுத்துனா ஒரு பக்கம் பள்ளம் விழும், மறுபக்கம் மேடு எழும்பும் இல்லையா, அந்த மேடு கார்டுக்கு உள்பக்கம் வரணும், பள்ளம் வெளிய இருக்கணும். பள்ளத்துக்குள்ளயே மடிக்கணும்னுதான் எல்லாருக்கும் கை போகும், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் மடிச்சேன். மேடு உள்ள போனா வெளிப்பக்கம் அவ்வளவா இழுபடாது.

காகிதக்கிறுக்கி:

ஐயோ நான் இவ்வளவு நாளும் தலைகீழாதான் மடிச்சிருக்கேன்! இப்போ வெடிச்ச ஷீட்லயே பக்கத்துல இன்னொரு கோடு போட்டு மேடு உள்ள வர்ற மாதிரி மடிச்சுப் பாத்தேன், முன்னைக்கு இப்போ கொஞ்சம் பரவால்ல ஆனா வெடிப்பு நிக்கல. தலைகீழா மடிச்சும் சின்ன கார்டு ஏன் வெடிக்கலங்கறது அப்படியே நிக்குது பாருங்க.

பழையபைண்டர்:

அந்தக் கேள்விதான்மா சரியான கேள்வி, பதிலும் அதுலயே இருக்கு. பேனா மேலயும் ஸ்பூன் மேலயும் பழி போடாதீங்க, நான் பைண்டிங் வேலை பாத்தவன், அட்டைக்கு எது வேணும்னா மழுங்கின முனை, அது பேனாவா இருந்தா என்ன, பைண்டருங்க வெச்சுக்கற எலும்புக் கருவியா இருந்தா என்ன.

பேப்பர் மெஷின்ல ஓடும்போது நார் பெரும்பாலும் மெஷின் ஓடுற திசையிலயே படுத்துக்கும். இதைத்தான் கிரெய்ன்னு சொல்றது. நாருக்கு இணையா மடிச்சா நார் நாரா விலகி சுகமா மடியும், நாருக்குக் குறுக்க மடிச்சா ஒவ்வொரு நாரையும் முறிக்கணும், அதான் வெடிப்பு. விறகை நெடுக்கப் பொளக்கறதுக்கும் குறுக்க உடைக்கறதுக்கும் உள்ள வித்தியாசம்னு வெச்சுக்கங்க.

இப்போ உங்க அட்டைக்கு வருவோம். ஏ4ன்னா 210 க்கு 297 மில்லிமீட்டர். நார் நீளவாக்குல, அதாவது 297 போற திசையில ஓடுதுன்னு வைங்க. நீங்க முழு ஏ4-ஐ நடுவுல மடிச்சீங்க, மடிப்புக் கோடு 210 பக்கத்துக்கு இணையா விழுது, நாருக்கு நேர் குறுக்க. போன மாசம் என்ன செஞ்சீங்க, முதல்ல ரெண்டா வெட்டினீங்க, கைக்கு வந்தது 210 க்கு 148 துண்டு, அதுல நார் இப்போ 148 பக்கமா ஓடுது, அந்தத் துண்டை நடுவுல மடிச்சா மடிப்பும் 148 பக்கமாத்தான் விழும், நாரோட கூடவே. அட்டையும் மாறல கையும் மாறல, ஒரு வெட்டு கூடிச்சு, அதுல திசை திரும்பிடுச்சு.

ஆனா நார் அப்படித்தான் ஓடுதான்னு நீங்கதான் பாக்கணும், பாக்கெட்டுக்கு பாக்கெட் மாறும். நல்ல ஷீட் ஒண்ணை எடுத்து மடிக்காம, எதிரெதிர் ஓரத்தை ஒண்ணா கொண்டு வந்து உள்ளங்கையால மெதுவா அமுக்கிப் பாருங்க, அப்புறம் ஷீட்டைத் திருப்பி அடுத்த பக்கமும். எந்தப் பக்கம் எதிர்க்காம அமுங்குதோ அந்த வளைவோட முதுகு ஓடுற திசைதான் நார். சந்தேகமா இருந்தா பாழாப்போன ஷீட்ல ரெண்டு பக்கமும் கிழிச்சுப் பாருங்க, நார் போற பக்கம் ஓரளவு நேரா கிழியும், குறுக்க கிழிச்சா கோணக்கமாணயா போகும்.

காகிதக்கிறுக்கி:

செஞ்சு பாத்துட்டேன் ஐயா. நீளவாக்குலதான் ஓடுது, கிழிச்சதுல சந்தேகமே இல்ல, ஒரு பக்கம் ஸ்கேல் வெச்ச மாதிரி வந்துச்சு, இன்னொரு பக்கம் நாய் கடிச்ச மாதிரி. அப்போ இந்த அட்டைல பெரிய கார்டே செய்ய முடியாதா?

பசைடப்பா:

சரி ஸ்கோரிங் போர்டு வாங்கச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். என் பழைய கார்டுல பாதி ஏன் வெடிச்சுதுன்னு இப்பத்தான் தெரியுது, போர்டு வெச்சும் வெடிச்சுதுன்னு ஒத்துக்கறேன்.

பழையபைண்டர்:

முடியும்மா. ஏ3 அட்டை நீளவாக்கு நாரோட கிடைச்சா அதை ரெண்டா வெட்டுங்க, வர்ற ஏ4-ல நார் 210 பக்கம் ஓடும், நடுவுல மடிச்சா ஒழுங்கா மடியும். இல்ல இருக்கற அட்டைதான்னா 210 க்கு 210 சதுரமா வெட்டி, நார் போற பக்கமாவே மடிச்சா 105 க்கு 210, ஒல்லியா உயரமா ஒரு கார்டு, 110 க்கு 220 கவருக்குள்ள போயிடும். ஆனா 15 கையெழுத்துக்கு இடுக்கமா இருக்கும்.

நானா இருந்தா மடிக்கவே மாட்டேன். பாழாப் போச்சுன்னு சொன்னீங்களே அந்த மூணு ஷீட், தூக்கிப் போடலையே? வெடிச்ச மடிப்புலயே நேரா வெட்டிடுங்க, வெடிச்ச ஓரத்துல ஒரு மூணு மில்லி சீவி எடுத்துடுங்க. இப்போ ஒரு ஷீட்டுக்கு ரெண்டு தனி அட்டை. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஸ்கேல் மேல தட்டி நேரா வெச்சு நடுவுல 2 மில்லி இடைவெளி விட்டு, 3 சென்டிமீட்டர் அகலத்துல ஒரு மெல்லிசு பேப்பர் பட்டையை, நோட்டுப் பேப்பர் கனம் போதும், வெளிப்பக்கம் ஒட்டுங்க, உள்ளயும் ஒண்ணு ஒட்டுங்க. பட்டைலயும் நார் நீளவாக்குல ஓடணும், மறந்துடாதீங்க. கெட்டி அட்டை மடியாது, பட்டைதான் மடியும். புத்தக அட்டை திறக்குற மாதிரியே திறக்கும், பாக்கவும் வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கும்.

மையொத்தி:

வளைஞ்சதுக்கு நான் சொல்றேன். வெள்ளை கோந்துல தண்ணி ஜாஸ்தி. தண்ணி குடிச்ச டிசைன் பேப்பர் கொஞ்சம் விரியும், விரிஞ்ச நிலையில ஒட்டிக்கும், காயும்போது சுருங்கி அட்டையையும் தன் பக்கம் இழுக்கும். டிசைன் பேப்பர் பக்கமாத்தானே குழிஞ்சிருக்கு? பேப்பர் குறுக்குவாக்குலதான் நல்லா விரியும், நார் போற பக்கம் ரொம்பக் கம்மி, அதனால பேப்பர் நாரும் அட்டை நாரும் ஒரே பக்கம் இருந்தா பாதிக் கதை முடிஞ்சுது. மீதிக்கு, கோந்தை விரலால கொட்டித் தடவாம, காலாவதியான பிளாஸ்டிக் கார்டு எதையாவது வெச்சு வழிச்சு வழிச்சு மெல்லிசா தடவுங்க, ஓரத்துல தொடங்காம நடுவுல இருந்து வெளிய. சின்ன பேனலுக்கு, அதாவது கார்டு மேல ஒட்டற பேப்பர் துண்டுக்கு, டபுள் சைடு டேப்போ க்ளூ ஸ்டிக்கோ போதும். உள்பக்கமும் ஒரு வெள்ளை பேப்பர் ஒட்டுனா ரெண்டு பக்கமும் இழுத்து சமமாயிடும், எழுதவும் இடம் ஆச்சு, கருநீலத்து மேல எந்தப் பேனா எழுதும்? அப்புறம் ராத்திரி முழுக்க வெயிட்டான புத்தகத்துக்கு அடியில.

காகிதக்கிறுக்கி:

நான் ஹேர் ட்ரையர் வேற காட்டினேன் சீக்கிரம் காயட்டும்னு.

மையொத்தி:

சூப்பர், வளையறதுக்கு அதைவிட நல்ல வழி இல்ல 😄 ஒரு முகம் மட்டும் சடார்னு காயும்ல.

ஓரவெட்டு:

கீறச் சொன்னது தப்புதான், கார்டுன்னு யோசிக்கல. பரிகாரமா ஒண்ணு சொல்றேன், காசில்லாத ஸ்கோரிங் போர்டு. கெட்டியான அட்டை ஒண்ணு அடியில, அது மேல நல்லா நேரா வெட்டுன ரெண்டு அட்டைத் துண்டை நடுவுல 2 மில்லிக்கு மிகாத சந்து விட்டு ஒட்டுங்க. கார்டு ஷீட்டை மேல வெச்சு, சந்து எங்கன்னு விரலால தடவிப் பாத்து, தீர்ந்த பேனாவை ஓட்டுனா கோடு அந்தச் சந்துக்குள்ளதான் விழும், ஸ்கேலே வேணாம். இடப்பக்கம் சந்தோட நடுவுல இருந்து சரியா 148.5 மில்லி தள்ளி ஒரு தடுப்புத் துண்டை ஒட்டிட்டா ஏ4-ஐ அதுல முட்டி வெச்சா நடுக்கோடு தானா வரும், அளக்கற வேலை மிச்சம். முதல்ல வேஸ்ட் பேப்பர்ல மடிச்சு ரெண்டு ஓரமும் பொருந்துதான்னு பாத்துட்டு அப்புறமா தடுப்பை ஒட்டுங்க, நான் பாக்காம ஒட்டி எல்லா கார்டும் ஒரு பக்கம் நாக்கு நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

காலியானரீஃபில்:

பேனா தீர்ந்துடுச்சுன்னு நம்பாதீங்க மக்களே. எழுதாதுன்னு அஞ்சாறு மாசம் கிடந்த பேனா, வெள்ளை அட்டை மேல அழுத்துன உடனே உயிர் வந்து நீலமா ஒரு கோடு போட்டுச்சு பாருங்க. அன்னைலேர்ந்து பின்னல் ஊசிதான், முனை உருண்டையா இருக்கு, இங்க் பயமும் இல்ல.

பழையபைண்டர்:

அதேதான். அப்புறம் ஸ்பூன் முதுகால கருப்பு, கருநீலம் மேல நேரடியா தேய்ச்சா பளபளன்னு ஒரு தடம் விழும், போகவே போகாது. மேல ஒரு மெல்லிசு பேப்பர் வெச்சு அது மேல தேயுங்க.

காகிதக்கிறுக்கி:

வெள்ளிக்கிழமை ராத்திரி அப்டேட். பாழாப்போன ஷீட்லயே செஞ்சுட்டேன், நல்ல ஷீட்டைத் தொடவே இல்ல! முதல் கார்டுல 2 மில்லி எதுக்குன்னு நெருக்கி ஒட்டிட்டேன், மூடவே மாட்டேங்குது, வாயைப் பொளந்துக்கிட்டே நிக்குது. ரெண்டாவதுல ரெண்டு ஐஸ்கிரீம் குச்சியை நடுவுல நிமிர்த்தி வெச்சு அந்த இடைவெளியை விட்டேன், அளவு சரியா 2 மில்லியான்னு தெரியல, ஆனா அழகா மூடுது. பட்டை வெள்ளி கலர்ல போட்டேன், கருநீலத்துல எடுப்பா இருக்கு. மேல ரப்பர்ல வெட்டுன ஸ்டாம்ப்பால நாலு பூ, எழுத்தும் வெட்டலாம்னு ஆரம்பிச்சு கண்ணாடி மாதிரி திருப்பி வெட்டணும்ங்கறதையே மறந்து ஒரு ரப்பர் வீணாச்சு, அதனால பேரைக் கையாலயே எழுதிட்டேன். பேனல் வளையல. இப்போ மூணு தடி புத்தகத்துக்கு அடியில தூங்குது.

பழையபைண்டர்:

நல்லதும்மா. காலைல வரைக்கும் எடுக்காதீங்க, பட்டை உள்ள ஈரமா இருக்கும்போது திறந்து திறந்து பாத்தா இடைவெளி நகர்ந்துடும்.

காகிதக்கிறுக்கி:

ஐயா நான் ஏற்கெனவே நாலு தடவை திறந்து பாத்துட்டேன்.