'ஃபெல்டிங்' – தமிழ்ச்சொல் வேண்டும் (மடலும் மறுமொழிகளும்)

ஈரோட்டிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கமுங்க. நூற்காமல், நெய்யாமல் கம்பளி இழையையே இறுக்கித் தகடாக்குவதுதான் 'ஃபெல்டிங்'. அந்த முறையில் கைப்பை, செருப்பு உள்ளட்டை, கிண்ணம், ப்ரோச் செய்யச் சொல்லித்தரும் கையேடு ஒன்று தயாராகிறது. 'ஃபெல்ட்' என்ற ஒரே சொல் அதில் மூன்று வேலை பார்க்கிறது: செய்து முடித்த பொருளுக்கும் அதுதான், சோப்புத் தண்ணீரில் தேய்ப்பதற்கும் அதுதான், ஊசியால் குத்துவதற்கும் அதுதான். புதிதாகப் படிப்பவர் கட்டாயம் குழம்புவார்.

'ஒட்டுத்துணி', 'அழுத்தக் கம்பளி' இரண்டையும் நான் ஏற்கவில்லை. இதில் பசையே கிடையாது. வெறும் அழுத்தமும் போதாது. காய்ந்த கம்பளி மேல் எவ்வளவு பாரம் ஏற்றினாலும், எடுத்து உதறினால் பொங்கி வந்துவிடும். 'சிக்குக்கம்பளி' என்று வைக்கலாமா?

காங்கேயத்திலிருந்து:

சிக்கு என்றால் எடுத்துவிடலாம் அக்கா. இதை எடுக்க முடியாது. அந்த வேறுபாட்டைச் சொல் காட்ட வேண்டும்.

ஆட்டுக் கம்பளி இழையின் மேல் செதில்கள் உண்டு. ஓடு வேய்ந்த கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக, இழையின் நுனியைப் பார்த்து அமைந்திருக்கும். வேரிலிருந்து நுனிக்கு வருடினால் வழுக்கும், எதிர்த்திசையில் பிடிக்கும். இளஞ்சூட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கும்போது ஒவ்வொரு இழையும் வேர்ப்பக்கமாக மட்டும் ஊர்ந்து போகும், திரும்பி வராது. போன இடத்தில் மற்ற இழைகளோடு பின்னி இறுகிவிடும். தலைமுடி இப்படி ஆனால் 'சடை புடிச்சுப் போச்சு' என்கிறோம். ஆகவே பொருளுக்குச் 'சடைக்கம்பளி', வேலைக்குச் 'சடைப்பு'.

பருத்தியில் செதில் இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் சடை பிடிக்காது. நம் பக்கம் நிறைய வளரும் மேச்சேரி ஆட்டுக்கு இருப்பது மயிர், கம்பளி அல்ல, அதுவும் உதவாது. குரும்பாட்டுக் கம்பளி சடை பிடிக்கும். ஆனால் இழையின் தடிமன் சுமார் 40 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), முரடு. நேரம் எடுக்கும், முடி குத்திக்கொண்டு நிற்கும். நீலகிரி ஆட்டுக் கம்பளி சுமார் 27 மைக்ரான். கிடைத்தால் அதை மேலும் கீழும் வைத்து, குரும்பாட்டை நடு அடுக்கில் போடுங்கள்.

இன்னொரு சொல்லும் வேண்டும். சடைப்பு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், அளவு அவ்வளவாகக் குறையாது. அடுத்ததில்தான் சுருங்கித் தடித்து உறுதியாகும். இந்த இரண்டாவதுக்குச் 'சுண்ட வைத்தல்' என்பேன். குழம்பு சுண்டும்போதும் நடப்பது அதுதானே: அளவு குறையும், செறிவு கூடும். ஆனால் 'சுண்டல்' என்று பெயர்ச்சொல்லாக்க வேண்டாம், அது வேறு பண்டம்.

இரண்டையும் பிரித்துச் சொல்லாததால்தான் வேலை கெடுகிறது. 20 செ.மீ. சதுரத்துக்கு 28 செ.மீ. சதுரமாகப் பரப்ப வேண்டும். 40 கிராம், நான்கு மெல்லிய அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தியதற்குக் குறுக்காக. கை பொறுக்கும் சூட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்து, மேலே கொசுவலை விரித்து, முதல் ஐந்து நிமிடம் தடவ மட்டும் வேண்டும். அப்போதே அழுத்தித் தேய்த்தால் அடுக்கு விலகி நடுவில் ஓட்டை விழும். பிறகு ஒரு குழாயில் சுற்றி உருட்டல்: ஒரு பக்கம் 100 உருட்டு, கால்வட்டம் திருப்பி மறுபடி 100. எந்தப் பக்கம் உருட்டுகிறோமோ அந்தப் பக்கமாகத்தான் சுருங்கும். திருப்ப மறந்தால் சதுரம் நீள்சதுரமாகும். கிள்ளித் தூக்கினால் ஒற்றை இழை தனியாக வரக்கூடாது, முழுத்தகடும் எழ வேண்டும். அதற்கப்புறம்தான் சுண்ட வைத்தல்: சுடுதண்ணீரில் முக்கிப் பிழிந்து பலகை மேல் அடிப்பது, 20 செ.மீ. வரும்வரை. கிள்ளிப் பார்க்காமல் அடிக்கத் தொடங்கினால் மேல்தோல் மட்டும் இறுகி, உள்ளே அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

பொள்ளாச்சியிலிருந்து:

சடைப்பு நல்ல சொல். ஆனால் ஊசி வேலைக்கு அது பொருந்தாதுங்க.

இங்கே தென்னை நாரை ஊசி எந்திரத்தில் விட்டுப் பாய் போல ஆக்குகிறார்கள். அதையும் 'ஃபெல்ட்' என்றுதான் சொல்கிறோம். தென்னை நாரில் ஏது செதில்? ஊசியின் முனையில் சிறு முட்கள் வெட்டியிருக்கும். இறங்கும்போது மேல் இழையைக் கீழே இழுத்துப் போகும். ஏறும்போது அதை அங்கேயே விட்டுவிட்டு வரும். கம்பளியானாலும் பாலியெஸ்டரானாலும் நடப்பது இதேதான். தண்ணீரும் வேண்டாம், சோப்பும் வேண்டாம். எனவே இதை 'ஊசிப்பிணைப்பு' என்று தனியாக வைப்போம். 'ஊசிக்கோப்பு' என்றும் நினைத்தேன். ஆபீஸ் கோப்பு வந்து குறுக்கே நிற்கிறது.

கடையில் வண்ண வண்ணமாக விற்கும் கைவினை 'ஃபெல்ட் ஷீட்' பெரும்பாலும் பாலியெஸ்டர் ஊசிப்பிணைப்பு. அதற்கும் 'சடைக்கம்பளி' என்று பெயர் போட்டால், வாங்குபவர் கம்பளி என்று நம்பிச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைப்பார், உருகிவிடும்.

திருப்பூரிலிருந்து:

ஒரு தடை. இங்கே பெண்கள் 'சடை' என்றால் பின்னலைத்தான் சொல்வார்கள். 'சடைத்துணி' என்று எழுதினால் பின்னல் வேலை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

காங்கேயத்திலிருந்து:

பின்னல் என்றால் 'சடை பின்னு', 'சடை போடு'. இது 'சடை பிடி'. கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் 'சடை பிடிக்க வைத்தல்' என்று முழுதாக எழுதிவிட்டுப் பிறகு 'சடைப்பு' என்று சுருக்கினால் போதும். 'சடைத்துணி' வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன்.

திருப்பூரிலிருந்து:

அப்படியென்றால் சரிங்க. கூடவே 'சடையா நூல்' என்றொரு சொல்லும் சேருங்கள். சில கம்பளி நூலில், எந்திரத்தில் துவைத்தாலும் சுருங்கக்கூடாது என்று குளோரினால் செதிலை மழுங்கடித்து மேலே பிசின் பூசியிருப்பார்கள். லேபிளில் 'சூப்பர்வாஷ்' என்றிருக்கும். அதை வாங்கிவந்து நாள் முழுக்கத் தேய்த்தாலும் சடை பிடிக்காது. இழை கெட்டது என்று பழி போடுவார்கள்.

ஈரோட்டிலிருந்து:

நன்றிங்க. கையேட்டில் இப்படிப் போடுகிறேன்: ஈர வேலை சடைப்பு, அதன் பொருள் சடைக்கம்பளி, இரண்டாம் கட்டம் சுண்ட வைத்தல், ஊசி வேலை ஊசிப்பிணைப்பு, சூப்பர்வாஷ் சடையா நூல். கிள்ளுச் சோதனை தேறி, இன்னும் சுண்டாத தகட்டை வெட்டிப் பூவேலைக்கு வைப்பதுண்டு. அதை அடித்தகட்டின் மேலே வைத்துச் சேர்த்துச் சுண்ட வைத்தால் அதோடு பிடித்துக்கொள்ளும். இப்படிச் சுண்டாத தகட்டை 'அரைச்சடை' என்கிறேன்.

தண்ணீர் பற்றியும் ஒரு பத்தி சேர்க்கிறேன். நம் பக்கத்துப் போர்த்தண்ணீர் கடினம். சோப்பு நுரைக்காமல் திரிந்து, சாம்பல் நிறப் பிசுக்காக இழையில் ஒட்டும், அலசினாலும் போகாது. சிறுவாணியோ மழைத்தண்ணீரோ நல்லது. இரண்டும் இல்லாத ஊரில் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கி எடுத்த நுரை உதவும். உப்புத்தண்ணீரிலும் அது திரியாது. சோப்பில் செய்தவர்கள் கடைசி அலசலில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வினிகர் விடட்டும். சோப்பின் காரம் தங்கினால் கம்பளி மொரமொரத்து நாளடைவில் இற்றுப்போகும்.